கடல் கடந்தார்க்குத் தாய்மொழித் தொலைக்காட்சி

திருகோணமலை நகரிலிருந்து கடலோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வீதி நிலாவெளி, குச்சவெளி, திரியாய் என்னும் ஊர்களைக் கடந்து புல்மோட்டையை அடைகிறது. அவ்வூருக்கு வடக்கே கொக்கிளாய்க் களப்பு. கிழக்கே வங்கக் கடல். கரையிலுள்ள கருமணலில் இல்மனைற்று, உருத்தைல், சேர்க்கன் முதலிய கனியங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்தற்பொருட்டு 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு கூட்டுத்தாபனத்தை நிறுவியது. மணலும் மீனும் வயலும் தந்த பிழைப்பு போதாத குடும்பங்களிலிருந்து, கிழக்கு மாகாணத்தின் ஏனைய ஊர்களிற்போலவே, பலர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றனர், இன்றும் செல்கின்றனர்.

அங்ஙனம் செல்பவர் முதல் மாதச் சம்பளம் பெற்றதும் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார். சில மாதங்களின் பின், அறைத் தோழர்களுடன் கூடி ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்க எண்ணுகிறார். அப்பொழுது அவர் கேட்கும் முதற் கேள்வி, பெட்டியின் விலை பற்றியதன்று. "இங்கே தமிழ்ச் சனல் இழுக்குமா?" என்பதே அது. எளிய கேள்விதான், ஆயினும் இதற்கு விடை கூறப் புகுந்தால், வானத்தின் கணக்கும், வணிகரின் உடன்படிக்கைகளும், ஊருக்கும் மொழிக்கும் உள்ள உறவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

வானொலி நேயர்களுக்கு இக்கேள்வி சற்று வியப்பளிக்கக்கூடும். இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பை ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் கேட்டனர். அதற்காக எவரும் கூரையேறிக் கோணம் பார்க்கவில்லை. எவரிடமும் அனுமதி பெறவுமில்லை. ஒரு முழக் கம்பியே போதுமாயிருந்தது. சிற்றலைகள் வானில் உயர்ந்து சென்று, பூமியைச் சூழ்ந்துள்ள மின்னூட்டப் படலத்தில் வளைந்து, நெடுந்தொலைவுக்கு அப்பால் மீண்டும் நிலத்தில் விழும் இயல்புடையன. இயற்கையே அவற்றுக்கு ஒரு கண்ணாடியை வானத்தில் அமைத்திருக்கிறது. தொலைக்காட்சி அலைகளோ மிகக் குறுகியன. அவை அப்படலத்தை ஊடுருவிச் சென்றுவிடும், திரும்பி வருவதில்லை. கோபுரத்திலிருந்து பரப்பினால், பூமியின் வளைவு தடுக்கும் தூரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஆதலின் தொலைக்காட்சியைக் கடல் கடந்து செலுத்துவதற்கு மனிதன் தானே ஒரு கண்ணாடியைச் செய்து வானில் தொங்கவிட வேண்டியவனானான்.

அக்கண்ணாடியின் வரலாற்றில் திருகோணமலைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1956இல், கோணேசர் கோயில் நிற்கும் பாறையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்த பழைய ஆலயத்தின் தூண்களையும் கற்களையும் கண்டவர்களுள் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் ஒருவர். அவ்வாண்டு முதல் இலங்கையையே தம் இருப்பிடமாகக் கொண்ட அவர், 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். கடலடியைக் காண வந்த அவர், அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே வானத்தைப் பற்றி ஓர் அரிய கருத்தை வெளியிட்டிருந்தார். 1945 ஒக்டோபரில் ஆங்கில வானொலிச் சஞ்சிகையொன்றில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுவே: பூமத்திய கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுழலவிட்டால், பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றும் நேரத்தில் அதுவும் பூமியை ஒரு முறை சுற்றும், ஆகவே நிலத்தில் நிற்பவர் கண்ணுக்கு அஃது அசையாமல் ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும், அத்தகைய மூன்று நிலையங்கள் இருந்தால் உலகின் பெரும்பகுதிக்கும் ஒலிபரப்பலாம். அன்று அது கற்பனை. 1964இல் சின்கொம்–3 என்னும் செய்மதி அத்தகைய பாதையில் நின்று, தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியபோது உண்மையாயிற்று.

அதன் பயனை ஏழை மக்கள் வீட்டு வாயிலுக்குக் கொண்டு வந்த முதற் பெரும் முயற்சி நம் அயல் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1975 ஓகஸ்ட் முதல் 1976 யூலை வரை, அமெரிக்கச் செய்மதியொன்றின் வாயிலாக இந்தியாவின் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. கிராமங்களில் நாட்டப்பட்டவை கோழிக்கூட்டு வலைக்கம்பியாற் செய்த, பத்தடி அகலமான கிண்ணங்கள். அதே காலத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் அத்தகைய கருவியொன்றை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் 1979இலேயே தொலைக்காட்சி நிலையம் தோன்றியது என்பதை நினைத்தால், இந்நாட்டில் தொலைக்காட்சி முதலில் இறங்கியது வானிலிருந்தே எனலாம்.

இனி, அந்தக் கிண்ணம் வேலை செய்யும் முறையை நோக்குவோம். செய்மதிகள் யாவும் பூமத்திய கோட்டுக்கு மேலே, ஒரே வட்டத்தில், நூலிற் கோத்த மணிகள்போல நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அது நிற்கும் நெடுங்கோடே முகவரி. அறுபத்தாறு பாகை கிழக்கு என்றால், அந்நெடுங்கோடு பூமத்திய கோட்டைக் கடக்கும் இடத்துக்கு நேர் மேலே அது நிற்கிறது என்பது பொருள். அங்கிருந்து வரும் அலை மிக மெலிந்தது. அதனைப் பரந்த கிண்ணமொன்று ஏந்தி, ஒரு புள்ளியிற் குவிக்கிறது. அப்புள்ளியில் அமர்ந்திருக்கும் சிறு கருவியே கடைகளில் எல். என். பி. என்று கேட்டு வாங்கப்படுவது. அது வந்த அலையைப் பெருக்கி, கம்பி வழியே செல்லக்கூடிய தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்ப, வீட்டினுள் இருக்கும் ரிசீவர் அதனைப் படமாகவும் ஒலியாகவும் விரிக்கிறது. ஊரார் டிஷ் என்று கூறும் அக்கிண்ணம் கேட்கும் கருவியன்று, ஏந்தும் கருவி. எத்திசையை நோக்கி ஏந்துகிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

அத்திசை ஊருக்கு ஊர் மாறும். புல்மோட்டை ஏறத்தாழ ஒன்பது பாகை வடக்கிலும், எண்பத்தொரு பாகை கிழக்கிலும் அமைந்தது. பூமத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அங்கே செய்மதிகளின் மணிமாலை தலைக்கு மேலாகவே செல்கிறது. 2010இல் ஏவப்பட்டு அறுபத்தாறு பாகை கிழக்கில் நிறுத்தப்பட்ட இன்டெல்சாட்–17 செய்மதியை எடுத்துக்கொள்வோம். தென்னிந்திய மொழி அலைவரிசைகள் பல இதன் வழியாக ஒளிபரப்பப்பட்டு வந்துள்ளன. புல்மோட்டையில் இச்செய்மதி தென்மேற்குத் திசையில், கிடைத்தளத்திலிருந்து எழுபது பாகை உயரத்தில் நிற்கும். கட்டார் நாட்டின் டோஹா நகரில் அதே செய்மதி தெற்கிலிருந்து கிழக்காக முப்பது பாகை திரும்பி, ஐம்பத்தாறு பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் அது கிழக்கு அடிவானத்துக்கு மேல் ஆறு பாகை உயரத்திலேயே இருக்கும். எதிர்வீட்டுக் கூரையோ ஒரு மரமோ அதனை மறைத்துவிடும். ரொறன்ரோவில் அஃது அடிவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. அங்கே எவ்வளவு பெரிய கிண்ணம் நாட்டினாலும் பயன் இல்லை. இடையில் பூமியே நிற்கிறது. டோஹாவில் குடியேறிய தமிழருக்குக் கிட்டும் வானம் ரொறன்ரோவில் குடியேறிய அவருடைய மைத்துனருக்குக் கிட்டாது.

டோஹாவின் கூரைகளை நோக்குவோர் மற்றொரு புதுமையையும் காண்பர். அரபு மொழி அலைவரிசைகளைத் தாங்கும் செய்மதிகள் அந்நகருக்கு மேற்கே நிற்பன. ஆதலின் அங்குள்ளோரின் கிண்ணங்கள் தென்மேற்கையும் மேற்கையும் நோக்கியிருக்கும். தமிழ், மலையாளம், தெலுங்கு முதலிய மொழியினர் நாட்டும் கிண்ணங்கள் தென்கிழக்கே முகங்காட்டி நிற்கும். கிண்ணத்தின் முகத்தைக் கொண்டே வீட்டாரின் மொழியை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கிண்ணத்தை நாட்டும் வேலை கடினமன்று. ஆனால் பொறுமை வேண்டும். முதலில் செய்மதி நிற்கும் திசையில் மரமோ மதிலோ மறைக்காத இடத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அடுத்து, தாங்கும் குழாய் செங்குத்தாக நிற்றல் வேண்டும். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை இரு பக்கமும் பிடித்துப் பார்த்தல் நன்று. குழாய் சாய்ந்திருப்பின் பின்னர் செய்யும் கணக்கெல்லாம் பிழைபடும். பிறகு உயரக் கோணத்தை வைத்து, திசைகாட்டியின் துணையால் கிண்ணத்தைத் திருப்புதல் வேண்டும். இரும்புக் குழாய்க்கும் தகரக் கூரைக்கும் அருகில் திசைகாட்டி பொய் சொல்லும். சற்று விலகி நின்று தொலைவிலுள்ள ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொள்வதே முறை. வட்டமான பெருங்கிண்ணத்தில் எல். என். பி. நடுவே நிற்கும், அது கணக்கிட்ட கோணத்தையே நேராக நோக்கும். சிறிய நீள்வட்டக் கிண்ணத்தில் எல். என். பி. கீழ்ப்பக்கம் தள்ளி அமைந்திருக்கும். அத்தகைய கிண்ணம் பார்வைக்குத் தோன்றுவதைவிட இருபது முதல் இருபத்தைந்து பாகை உயர்வாக நோக்குகிறது. இதனை அறியாதவர் பலர் கிண்ணத்தை மிகையாக மல்லாத்திவிட்டு, செய்மதி கிட்டவில்லை என்று வருந்துவர்.

அதன்பின் ரிசீவரின் அளவுகோலைப் பார்த்தபடி ஒருவர் உள்ளே நிற்க, மற்றொருவர் கூரையில் கிண்ணத்தை விரற்கடை அளவாக நகர்த்துதல் வேண்டும். அளவுகோல்கள் இரண்டு: ஒன்று வலிமை, மற்றொன்று தரம். வலிமை உயர்ந்து தரம் உயராவிட்டால் கிண்ணம் வேறொரு செய்மதியையோ வெறும் இரைச்சலையோ ஏந்துகிறது என்பது பொருள். தரமே நம்பத்தக்கது. ஒரு பாகை பிழைத்தால் 36,000 கிலோமீற்றருக்கு அப்பால் அறுநூறு கிலோமீற்றருக்கு மேல் பிழைத்ததாகும். அயலிலுள்ள செய்மதிகளோ இரண்டு மூன்று பாகை இடைவெளியிலேயே நிற்கின்றன. திசை சரியானபின் எல். என். பி. யையும் அதன் பிடியினுள் மெல்லச் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். அலைகளின் அதிர்வுத் தளத்துக்கு அஃது இசைந்து நின்றாலே படம் நிலைக்கும். இறுதியில் மரையாணிகளை இறுக்கி, கம்பி பொருந்தும் இடத்தில் நீர் புகாதவாறு சுற்றி, இடிமின்னலுக்குக் காப்பாகக் குழாயை நிலத்தோடு கம்பியால் இணைத்துவிடுதல் வேண்டும்.

கிண்ணத்தின் அளவு அலையின் இனத்தைப் பொறுத்தது. சீ அலைவரிசை எனப்படுவது ஏறத்தாழ நான்கு கிகாஹேட்சு அதிர்வுடையது. அதன் அலைநீளம் ஏழரை சென்ரிமீற்றர். அதற்கு ஆறடி எட்டடிக் கிண்ணம் வேண்டும். கேயூ அலைவரிசை அதனிலும் மும்மடங்கு விரைவாக அதிர்வது. இரண்டடிக் கிண்ணமே போதும். பெரியதற்கு இடம் வேண்டும்; சிறியது மழைக்கு அஞ்சும். வடகீழ்ப் பருவக்காற்றில் கருமேகம் திரண்டு கொட்டும்போது கேயூ அலை மழைத்துளிகளில் கரைந்து, படம் கட்டங்கட்டமாகச் சிதறி நின்றுவிடும். சீ அலையோ பெரும்பாலும் அசையாது. புல்மோட்டை போன்ற இடத்தில் எழுபது பாகை உயரத்தை நோக்கும் பெருங்கிண்ணம் ஏறக்குறைய மல்லாந்த சட்டிபோலக் கிடப்பதால் மழைநீர் தேங்கும். வலைக்கம்பிக் கிண்ணமாயின் நீரும் ஒழுகும், காற்றும் ஊடுருவிச் செல்லும். வலைக்கண் அலைநீளத்தினும் மிகச் சிறியதாகையால் அலை மட்டும் தப்பிச் செல்லாது.

மேகமே இல்லாத நாளிலும் படம் மறையும் வேளையொன்று உண்டு. மார்ச்சு மாதத்திலும், செப்டெம்பர் இறுதி அல்லது ஒக்டோபர் தொடக்கத்திலும், சில நாட்களுக்குச் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னே வந்து நிற்கும். சூரியனின் வானொலி இரைச்சலில் செய்மதியின் மெல்லிய குரல் அமிழ்ந்துபோகும். சில நிமிடங்களில் சரியாகிவிடும். கருவியைப் பழுது பார்க்கத் தேவையில்லை. வட்டக் கிண்ணம் வைத்திருப்போர் அந்நிமிடத்தில் வெளியே சென்று பார்த்தால், எல். என். பி. யின் நிழல் கிண்ணத்தின் நடுவே விழுவதைக் காண்பர். தாம் வைத்த கோணம் சரியானதே என்பதற்குச் சூரியன் தரும் சான்று அது.

இத்துணையும் செய்து முடித்த பின்னரும் படம் வராமற்போகலாம். காரணம் இரண்டு. முதலாவது, செய்மதி கண்ணுக்கு எட்டும் இடமெல்லாம் அதன் கற்றை எட்டுவதில்லை. விளக்கின் ஒளியை மறைப்பிட்டு ஒரு பக்கமாகச் செலுத்துவதுபோல, ஒவ்வொரு செய்மதியும் குறித்த நிலப்பரப்பை நோக்கியே தன் கற்றையைச் செலுத்துகிறது. தூரதர்சனின் தமிழ் அலைவரிசையைக் கட்டணமின்றித் தாங்கி வரும் இந்திய நேரடி ஒளிபரப்பு, 2015இல் ஏவப்பட்ட ஜிசாட்–15 செய்மதியிலிருந்து வருகிறது. அது தொண்ணூற்றுமூன்றரை பாகை கிழக்கில் நிற்பது. இந்தியாவை நோக்கிய அக்கற்றை எல்லைக்கோட்டோடு வெட்டப்பட்டதுபோல நின்றுவிடாமையால், இலங்கையிலும் சிறு கிண்ணத்தில் அது கிட்டுகிறது. டோஹாவிலிருந்து நோக்கினால் அதே செய்மதி முப்பத்தைந்து பாகை உயரத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆயினும் அங்கே கற்றை மெலிந்துவிடும். ஊரிற் பயன்பட்ட இரண்டடிக் கிண்ணத்தை எடுத்துச் சென்று நம்பியிருப்பது வீண்.

இரண்டாவது காரணம் பூட்டு. கட்டண அலைவரிசைகள் யாவும் குறியாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றன. சந்தா அட்டை என்னும் சாவி இல்லாதவர்க்கு அலை வந்தும் படம் விரியாது. அச்சாவி ஒரு நாட்டுக்கென்றே விற்கப்படுகிறது. ஒரு திரைப்படத்தையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ வாங்கிய நிலையத்தார் இன்ன நாட்டில் காட்டும் உரிமை என்று வரையறுத்தே வாங்குகின்றனர். ஆதலின் ஒரு நாட்டில் பெற்ற சந்தா அட்டையை வேறொரு நாட்டுக்குக் கொண்டு செல்வது உடன்படிக்கைக்கு மாறானது, எந்நேரமும் நிறுத்தப்படலாம். குடியிருக்கும் நாட்டில் உரிமை பெற்ற நிறுவனத்தின் தமிழ்த் தொகுதியைக் கேட்டுப் பெறுவதே நேர்வழி. கட்டட உரிமையாளரின் சம்மதமும் வேண்டும். பத்துப் பேர் தங்கும் அறையில் இருப்பவருக்குச் சொந்தமாகக் கூரை ஏது?

கோணமும் கற்றையும் சாவியும் பொருந்திவிட்டன எனக் கொள்வோம். வெள்ளிக்கிழமை விடுமுறை நாளில் அறையார் எல்லோரும் கூடியிருக்கப் பெட்டியில் தமிழ் ஒலிக்கிறது. சென்னையின் முதல் தனியார் தமிழ்ச் செய்மதித் தொலைக்காட்சி 1993 ஏப்பிரலில் தொடங்கிய காலத்திலிருந்து, கடல் கடந்த தமிழர் எத்தனையோ இலட்சம் பேருக்கு இந்த மகிழ்ச்சி கிட்டியிருக்கிறது. அதனைச் சிறிதென்று கூறுதல் தகாது. நாள் முழுதும் பிற மொழிகளில் கட்டளை கேட்டு உழைத்தவருக்கு, மாலையில் தம் மொழியில் ஒரு நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புரெவிப் புயல் அவ்விரவு திருகோணமலைக்கு வடக்கே, முல்லைத்தீவுக்கு இடைப்பட்ட கரையைக் கடந்தது. புல்மோட்டை அந்தக் கரையில் உள்ள ஊர். தமிழ்நாட்டு நிலையங்கள் இயல்பாகவே, புயல் அடுத்துச் செல்லவிருந்த பாம்பனையும் தென் மாவட்டங்களையும் பற்றியே கவலை கொண்டிருந்தன. அது அவற்றின் கடமை. அதிற் குறை காண இடமில்லை. ஆயினும், கரையில் இழுத்து வைத்த தோணிகள் என்னவாயின, எந்த வீட்டுக் கூரை போயிற்று என்று அறியத் துடிக்கும் புல்மோட்டை மகனுக்கு அச்செய்தி விடையாகாது. அவனுடைய மொழி பெட்டியில் ஒலிக்கிறது; அவனுடைய ஊர் அதில் இல்லை.

இலங்கையிலும் தமிழ்த் தொலைக்காட்சிகள் உள்ளன. 1998இல் சக்தியும் 2009இல் வசந்தமும் தோன்றின. அவை உள்நாட்டு நேயர்களை மனத்திற் கொண்டே நிலக் கோபுரங்கள் வழியாகவும், உள்நாட்டுக்கென உரிமம் பெற்ற சேவைகள் வழியாகவும் வளர்ந்தவை. பெரிய சந்தை உள்ள மொழியையே செய்மதி வணிகம் தாங்குகிறது. பெருநகரத்தின் தமிழ் கடல் கடக்கிறது. சிற்றூரின் செய்தி கரையிலேயே நின்றுவிடுகிறது. தன் குரல் தொலைவில் கேட்கவேண்டும் என்று ஒரு நாடு எண்ணினால் எவ்வளவு செய்யும் என்பதற்குச் சான்றும் திருகோணமலையிலேயே உண்டு. ஜேர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்புச் சேவை, ஆசிய நாடுகளில் தன் சிற்றலை தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக, 1980களில் இக்கரையிலேயே ஓர் அஞ்சல் நிலையத்தை எழுப்பியது. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கேட்பவர் தொலைவில் இருக்கிறார் என்பதனால் அவரை மறந்துவிடலாகாது என்னும் கருத்தே அக்கோபுரங்களை எழுப்பிற்று.

இக்காலத்தில் கைத்தொலைபேசியும் இணையமும் இக்குறையைப் பெரும்பாலும் நிரப்பி வருகின்றன. இணையத்துக்குக் கோணமில்லை, ரொறன்ரோவும் டோஹாவும் அதற்கு ஒன்றே. இலங்கைத் தமிழ்ச் செய்திகளையும் அதில் காணலாம். ஆயினும் அங்கும் உரிமைப் பூட்டுகள் உள்ளன. தரவுக் கட்டணமும் உண்டு. கிண்ணத்துக்கோ, ஒரு முறை நாட்டியபின், திறந்த அலைவரிசைகளைப் பொறுத்தவரை மாதச் செலவு இல்லை. பத்துப் பேர் ஒருங்கிருந்து ஒரே வேளையில் பார்க்கவும் முடிகிறது.

ஆதலின் கடல் கடந்து வாழ்வோர் பணத்தைச் செலவிடுமுன் நான்கு வினாக்களுக்கு விடை தேடிக்கொள்ளல் நன்று. வேண்டிய அலைவரிசை இன்று எந்தச் செய்மதியில் இருக்கிறது? நிலையங்கள் செய்மதி மாறுவது வழக்கமாகையால், பழைய பட்டியலை நம்பலாகாது. அச்செய்மதி தம் கூரையிலிருந்து தெரியுமா, அதன் கற்றை அங்கே எட்டுமா? அலைவரிசை திறந்ததா, பூட்டியதா. பூட்டியதாயின் அந்நாட்டில் சாவி கிடைக்குமா? நான்காவதாக, அதில் வருவது தம் மொழி மட்டுமா, தம் ஊரும் வருமா? முதல் மூன்றுக்கும் கடைக்காரர் விடை கூறுவார். நான்காவதற்கு விடை கூறவேண்டியவர்கள் ஒளிபரப்பு நடத்துவோரே. அவ்விடை கிடைக்கும்வரை, டோஹாவிலுள்ள மகன் படம் பார்த்து முடித்தபின் தொலைபேசியை எடுத்து, "அங்கே மழையா?" என்று தாயிடம் கேட்டே ஊர்ச் செய்தியை அறிந்துகொள்ள வேண்டியிருக்கும்.